ஆய்வேட்டில் சட்டமும் அரசாணையும்: மேற்கோள் பிழைகளை அறிகுறி கண்டு நீக்கும் வழிமுறை

சமூக அறிவியல் ஆய்வேடுகள் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் முன் அவற்றின் மேற்கோள்களைச் சரிபார்க்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நூல்களுக்கும் இதழ்க் கட்டுரைகளுக்கும் தரப்படும் மேற்கோள்களில் காற்புள்ளி விடுபட்டது, பக்க எண் மாறியது போன்ற குறைகளே பெரும்பாலும் தென்படுகின்றன. சட்டங்கள், அரசாணைகள், ஆணைய அறிக்கைகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகியவற்றுக்கான மேற்கோள்களில் நிலைமை வேறு. அங்கே வடிவம் ஒழுங்காக இருக்கிறது; ஆனால் சுட்டப்பட்ட ஆவணத்தைத் தேடிப் போனால் வேறோர் ஆவணம் கிடைக்கிறது, அல்லது எதுவுமே கிடைப்பதில்லை. அரசு ஆவணத்துக்குத் தரும் மேற்கோள் ஒரு முகவரி. அந்த முகவரியை வைத்துக்கொண்டு முன்பின் அறியாத ஒருவர் அதே தாளின் முன் போய் நிற்க வேண்டும். இந்தக் குறிப்பில் மேற்கோள் வடிவத்தை வகுக்கும் நடையேடுகளின் விதிகளை விட அந்தத் தாளைக் கண்டடைவது குறித்தே அதிகம் எழுதியிருப்பதற்கு அதுவே காரணம்.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனையை முதலிலும், நாளும் பயணமும் கேட்கும் சோதனையைப் பின்னரும் வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டு ஆவணங்களையும் இந்திய ஒன்றிய ஆவணங்களையும் சார்ந்தவை. இலங்கைச் சட்டங்களைக் கையாள்வோருக்கான செய்தி ஓரிடத்தில் வருகிறது. எந்த அறிகுறியாக இருந்தாலும் தொடங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: நீங்கள் மேற்கோள் காட்டும் ஆவணத்தின் முதல் பக்கம் உங்களிடம் நகலாகவோ கோப்பாகவோ இருக்கிறதா? இருந்தால் கீழே உள்ள சிக்கல்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்தைப் பார்த்தே தீர்ந்துவிடும். இல்லையென்றால் நேராகக் கடைசி அறிகுறிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: சட்டத்தின் பெயர் சரியாக இருக்கிறது, ஆண்டோ எண்ணோ பொருந்தவில்லை

முதலில், பெயரில் உள்ள ஆண்டும் சட்ட எண்ணில் உள்ள ஆண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி ஒன்றைத் திருத்திவிட்டீர்களா என்று பாருங்கள். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கு அடிப்படையான சட்டம் 1993 என்ற ஆண்டைப் பெயரில் கொண்டது. அதன் எண்ணோ 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 45. இரண்டும் சரியே, இரண்டையும் அப்படியே எழுத வேண்டும். ஒன்றைப் பிழையென்று கருதி மற்றொன்றோடு இணக்கிய ஆய்வேடுகள் பல முறை என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒரே ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் ஒரு விதமாகவும் ஐந்தாம் இயலில் வேறு விதமாகவும் இருந்ததும் உண்டு.

அது காரணமில்லையென்றால், நீங்கள் எழுதிய ஆண்டு சட்டம் இயற்றப்பட்ட ஆண்டா, நடைமுறைக்கு வந்த ஆண்டா என்று பாருங்கள். குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆம் ஆண்டின் 35 ஆம் சட்டம். அது நடைமுறைக்கு வந்த நாள் 1 ஏப்ரல் 2010. ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்த 73 ஆம் திருத்தச் சட்டத்தின் பெயரில் 1992 இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 24 ஏப்ரல் 1993 அன்று. மேற்கோளில் பெயரில் உள்ள ஆண்டே வர வேண்டும். நடைமுறை நாள் உங்கள் வாதத்துக்குத் தேவையானால் அதை உரையில் தனி வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அடுத்து, எண் சட்டத்தின் எண்தானா, சட்டமுன்வடிவின் (மசோதாவின்) எண்ணா என்று பாருங்கள். அரசமைப்புத் திருத்தங்களில் இந்தக் குழப்பம் மிகுதி. சரக்கு, சேவை வரிக்கான திருத்தம் 2014 இல் 122 ஆம் திருத்த மசோதாவாக வந்து 2016 இல் 101 ஆம் திருத்தச் சட்டமானது. மகளிர் இட ஒதுக்கீட்டுக்கானது 2023 இல் 128 ஆம் திருத்த மசோதாவாக வந்து 106 ஆம் திருத்தச் சட்டமானது. செய்தித்தாள்கள் விவாத நாள்களில் மசோதாவின் எண்ணையே பயன்படுத்துகின்றன. அந்தச் செய்தியிலிருந்து எடுத்த எண் ஆய்வேட்டுக்குள் அப்படியே நுழைந்துவிடுகிறது.

மாநிலத்தின் பழைய சட்டமாக இருந்தால் பெயரின் முதற்சொல்லைக் கவனியுங்கள். சென்னை மாநிலம் 14 சனவரி 1969 அன்று தமிழ்நாடு ஆனது. அதையொட்டி 1969 இல் பிறப்பித்த சட்டத் தழுவல் ஆணையின் வழியே பழைய சட்டங்களின் பெயரிலும் மாநிலத்தின் பெயர் மாறியது. ஆகவே 1959 இல் அச்சான நூலொன்று, ரோம எண்ணில் 22 இட்டு, சென்னைச் சட்டம் என்று குறிப்பிடும் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டமும் இன்று தமிழ்நாடு சட்டம் 22/1959 என்று குறிக்கப்படுவதும் ஒன்றே. 1969க்கு முந்தைய நிகழ்வை எழுதும் வரலாற்று ஆய்வாளர் அன்றைய பெயரை உரையிலும், இன்றைய பெயரை அடிக்குறிப்பிலும் தரலாம். இரண்டு பெயர்களையும் இரண்டு தனிச் சட்டங்களாகப் பட்டியலில் இடுவது மட்டும் கூடாது.

சட்ட எண்ணை மட்டும் எழுதிப் பெயரை விட்டுவிடும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860 ஆம் ஆண்டின் 45 ஆம் சட்டம். அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2023 ஆம் ஆண்டின் 45 ஆம் சட்டம். மேலே சொன்ன இட ஒதுக்கீட்டுச் சட்டமும் 45 ஆம் எண்ணையே உடையது. பெயர், ஆண்டு, எண், எந்தச் சட்டமன்றம் என்ற நான்கும் சேர்ந்தால்தான் முகவரி முழுமையாகும்.

இந்த அறிகுறிக்கு வெளியாரின் துணை அநேகமாகத் தேவைப்படாது. ஒன்றியச் சட்டங்களுக்கும் மாநிலச் சட்டங்கள் பலவற்றுக்கும் இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தில் பெயர், எண், இயற்றிய நாள் ஆகியவை உள்ளன.

அறிகுறி: சுட்டிய பிரிவைத் திறந்தால் அங்கே வேறு செய்தி இருக்கிறது

தமிழில் எழுதுவோருக்கே உரிய காரணம் ஒன்று இதில் முதலிடம் பெறுகிறது. சட்டத்தில் வருவது பிரிவு, அரசமைப்பில் வருவது உறுப்பு, சட்டத்தின் கீழ் அரசு வகுப்பது விதி. செய்தித்தாள் தமிழில் இம்மூன்றும் கலந்துவிட்டன. ‘அரசியலமைப்பு விதி 21’, ‘சட்டப் பிரிவு 21’ என்ற இரண்டும் ஒரே பொருளில் எழுதப்படுகின்றன. ஆய்வேட்டில் இது தாங்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு வேறு, அதன் கீழ்த் தமிழ்நாடு அரசு 2011 இல் வகுத்த விதிகளின் 12 ஆம் விதி வேறு. உங்கள் ஆய்வேடு முழுவதும் பிரிவு, உட்பிரிவு, கூறு, உறுப்பு, விதி, அட்டவணை ஆகிய சொற்களைத் தேடல் வசதியால் தேடி, ஒவ்வொன்றும் எந்த வகை ஆவணத்தைச் சுட்டுகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அரை நாள் வேலைதான். இதைச் செய்த ஆய்வேடுகளில் பிற பிழைகளும் உடன் வெளிப்பட்டுவிடுகின்றன.

வகைச்சொல் சரியாக இருந்தும் செய்தி பொருந்தவில்லையென்றால், சட்டம் நீக்கப்பட்டு வேறொன்று வந்துவிட்டதா என்று பாருங்கள். கொலைக்குரிய தண்டனையை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302 ஆம் பிரிவு கூறியது. 1 சூலை 2024 முதல் அவ்விடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103 ஆம் பிரிவு. புதிய சட்டத்திலும் 302 ஆம் பிரிவு உண்டு. அது சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் சொற்களைக் கூறுவது பற்றியது. எனவே சட்டத்தின் பெயரின்றி ‘302 ஆம் பிரிவு’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. நீங்கள் ஆராயும் நிகழ்வு 1 சூலை 2024க்கு முந்தையதானால் பழைய சட்டத்தையே மேற்கோள் காட்டுங்கள்; புதுப்பிக்கிறோம் என்று எண்ணி எண்களை மாற்ற வேண்டாம். நிலம் கையகப்படுத்துதலை ஆராய்வோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1894 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2013 ஆம் ஆண்டின் 30 ஆம் சட்டம் 1 சனவரி 2014 முதல் வந்தது.

சட்டம் நீங்காமல் பிரிவு மட்டும் திருத்தப்பட்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம், ஏனெனில் பெயர், எண் எல்லாம் முன்போலவே இருக்கும். தமிழ்நாடு நிலச் சீர்திருத்த (நில உச்சவரம்பு நிர்ணய)ச் சட்டம் 1961 ஆம் ஆண்டின் 58 ஆம் சட்டம். அது ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பிட்டது. 1970 ஆம் ஆண்டின் 17 ஆம் சட்டம் அதை 15 தர ஏக்கராகக் குறைத்தது. ‘1961 ஆம் ஆண்டுச் சட்டம் 15 ஏக்கர் என்று வரையறுத்தது’ என்று எழுதும் ஆய்வேடு, இன்றைய திருத்தப்பட்ட நூலைப் பார்த்து 1961 ஐப் பற்றிப் பேசுகிறது. தேர்வாளர் இதைப் பிடித்துவிட்டால் இயலின் வாதமே ஆட்டம் காணும். இதற்கான சோதனை எளியது: உங்கள் சட்டநூலில் அந்தப் பிரிவின் அடியில் உள்ள சிறு எழுத்துக் குறிப்புகளைப் படியுங்கள். எந்தச் சொற்கள், எந்தச் சட்டத்தால், எந்த நாள் முதல் பதிலீடு செய்யப்பட்டன என்பதை அவை கூறும். மேற்கோளில் ‘1970 ஆம் ஆண்டின் 17 ஆம் சட்டத்தால் திருத்தப்பட்டவாறு’ என்றோ, ‘முதலில் இயற்றப்பட்டவாறு’ என்றோ சேர்த்துவிட்டால் சிக்கல் தீரும்.

‘பேர் ஆக்ட்’ எனப்படும் தனியார் பதிப்பு நூலைப் பயன்படுத்துவோர் அதன் பதிப்பாண்டைப் பார்க்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) என்று தமிழில் எழுதப்படும் கூறினை, அதாவது தனிநபர் தகவல் பற்றிய விலக்கினை, 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) ஆம் பிரிவு மாற்றி எழுதியது. அதற்கு முன் அச்சான நூல் எதுவும் இந்த மாற்றத்தைக் காட்டாது. உட்கூறுகளின் எழுத்து வரிசை தமிழ்ப் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுவதால், கூறின் பொருளை ஓரிரு சொற்களில் உடன் எழுதுவதும் நல்லது.

எந்த இடத்தில் சட்டத் துறையினரை அணுக வேண்டும்? நீக்கப்பட்ட சட்டத்தின் கீழ்ப் பிறப்பித்த ஆணைகள் புதிய சட்டத்திலும் தொடர்கின்றனவா, நிலுவையில் இருந்த நடவடிக்கைக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்ற கேள்விகள் உங்கள் வாதத்துக்கு இன்றியமையாதவையானால், சட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவரைக் கேட்டே எழுதுங்கள். இவற்றுக்கு நூலகரோ என் போன்ற சரிபார்ப்பாளரோ விடை சொல்வது முறையாகாது.

அறிகுறி: அரசாணை எண்ணைக் கொண்டு தேடினால் வேறோர் ஆணை வருகிறது

என் பணி நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது இதுதான். காரணம் அநேகமாக ஒன்றே: எண்ணை மட்டும் எழுதித் துறையின் பெயரை விட்டிருப்பார்கள். தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலகத்தில் ஒவ்வொரு துறையும் தனக்கெனத் தனி எண் வரிசை வைத்திருக்கிறது. அந்த வரிசை ஒவ்வொரு நாட்காட்டி ஆண்டிலும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆகவே ‘அரசாணை எண் 82’ என்று எழுதினால் அந்த ஓராண்டில் மட்டுமே பல துறைகளில் அந்த எண் இருக்கும். துறை, எண், நாள் மூன்றும் இருந்தால்தான் ஓர் ஆணை அடையாளம் பெறும்.

மூன்றும் இருந்தும் தவறான ஆணை வந்தால், அடைப்புக்குறிக்குள் இருக்கும் வகையைப் பாருங்கள். நிலை, வாலாயம் (வழக்கமான அலுவல் ஆணைகள்), டி என்று வெவ்வேறு வரிசைகள் உண்டு. ஒரே துறையில், ஒரே ஆண்டில் நிலை வரிசையிலும் வாலாய வரிசையிலும் ஒரே எண் இருக்கலாம். கொள்கை முடிவுகள் பெரும்பாலும் நிலை வரிசையில் வருவதால் ஆய்வாளர்கள் அதையே எல்லா ஆணைக்கும் எழுதிவிடுகிறார்கள். ஆணையின் தலைப்பில் உள்ளதை உள்ளபடி எடுத்தெழுத வேண்டும். அடைப்புக்குறி அலங்காரம் அன்று.

பிறகு நாளைச் சரிபாருங்கள். தமிழில் வெளிவரும் ஆணைகளில் ஆங்கில நாளின் கீழே தமிழ் ஆண்டு, திங்கள், நாள், திருவள்ளுவர் ஆண்டு ஆகியவை வரும். ஓர் ஆய்வேட்டில் அரசாணையின் ஆண்டு 2047 என்றே பதிவாகியிருந்தது. ஆய்வாளர் தலைப்பின் இரண்டாம் வரியிலிருந்து எடுத்திருந்தார். ஆங்கில ஆண்டோடு 31 ஐக் கூட்டினால் வருவது திருவள்ளுவர் ஆண்டு, ஆகவே அது 2016 ஆம் ஆண்டின் ஆணை. இரண்டு நாள்களையும் தருவதில் தவறில்லை, ஆனால் பட்டியலை அகரவரிசையிலும் ஆண்டு வரிசையிலும் அடுக்கும்போது ஆங்கில ஆண்டையே பின்பற்றுங்கள்.

நாளும் சரியென்றால், நீங்கள் எழுதியது அந்த ஆணையின் எண்தானா, அது மேலே குறிப்பிடும் முந்தைய ஆணையின் எண்ணா என்று பாருங்கள். ஒவ்வோர் அரசாணையின் தலைப்பகுதியிலும் ‘படிக்கப்பட்டவை’ அல்லது ‘பார்வை’ என்ற பகுதியில் பழைய ஆணைகள், இயக்குநரின் கடிதங்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தை விரைந்து பார்ப்பவரின் கண்ணில் முதலில் படும் எண் பல வேளைகளில் அதுவே. இணையத்தில் பரவும் ஒளிநகல்களில் முதல் வரிகள் மங்கியிருப்பதும் இந்தத் தவற்றுக்குத் துணையாகிறது.

இவை எதுவும் காரணமில்லையென்றால், அந்த ஆவணம் அரசாணையே அல்லாமல் இருக்கக்கூடும். துறை இயக்குநரிடமிருந்து வருவது செயல்முறைகள். அதில் அரசாணை எண் இராது, அலுவலகக் கோப்பைக் குறிக்கும் ந.க. எண் இருக்கும். செயலகத்திலிருந்து வருவதிலும் அரசுக் கடிதம், சுற்றறிக்கை என்று வேறுபாடு உண்டு. பள்ளிக் கல்வி பற்றிய ஆய்வேடுகளில் இயக்குநரின் செயல்முறைகளை அரசாணை என்று குறிப்பிடுவது பெருவழக்கு. பிறப்பித்தவர் யார் என்பதே ஆவணத்தின் அதிகாரத்தைத் தீர்மானிப்பதால் இதைச் சிறு பிழையென்று விட்டுவிடக் கூடாது.

துறையின் பெயர் மாறியிருப்பதும் ஒரு காரணம். எழுத்துச் சீர்திருத்தத்துக்கான 19 அக்டோபர் 1978 நாளிட்ட அரசாணை நிலை எண் 1875 கல்வித் துறையினுடையது. அந்தத் துறை பின்னாளில் பள்ளிக் கல்வி, உயர்கல்வி எனப் பிரிந்தது. பொதுப்பணித் துறையில் இருந்த நீர்வளப் பணிகள் 2021 இல் தனித் துறையாயின; வேளாண்மைத் துறை அதே ஆண்டில் வேளாண்மை – உழவர் நலத் துறை ஆனது. ஆணை பிறந்த நாளில் துறைக்கு என்ன பெயரோ அதையே எழுதுங்கள். இன்றைய பெயரைக் கொண்டு அதைத் திருத்த வேண்டாம்.

விடுதலைக்கு முந்தைய ஆணைகள் வேறு உலகம். வகுப்புவாரி உரிமைக்கான 1921 ஆம் ஆண்டின் 613 ஆம் எண் ஆணையைப் போன்றவற்றுக்குத் துறை, ஆணையின் வகை, எண், நாள் ஆகியவற்றோடு அதை வைத்திருக்கும் காப்பகத்தின் பெயரையும் தர வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கோப்புகள் துறைவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் அடுக்கப்பட்டிருப்பதால், இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கோப்பை எடுத்துத் தருபவர் வெறுங்கையோடு திரும்புவார். மற்றொருவரின் நூலில் அடிக்குறிப்பாகக் கிடைத்த பழைய ஆணை எண் எத்தனை முயன்றும் பொருந்தவில்லையானால் காப்பகத்தின் ஆராய்ச்சிப் பிரிவினரிடம் கேளுங்கள். நாங்கள் ஒரு வாரம் தேடுவதை அவர்கள் அந்த ஆண்டின் அட்டவணையைப் பிரித்து அரை மணியில் முடித்த நாள்கள் உண்டு.

அறிகுறி: மேற்கோள் பட்டியலில் ‘அரசு, த.’ என்றோ ‘நாடு, ஜி. ஓ. டி.’ என்றோ அச்சாகிறது

மேற்கோள் மென்பொருள் அரசை ஒரு மனிதரின் பெயராக எடுத்துக்கொண்டிருக்கிறது. சோட்டீரோவில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும்; அருகில் உள்ள சிறு குறியை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றி, ‘தமிழ்நாடு அரசு’ என்று முழுமையாக அதில் இடுங்கள். பிப்டெக் கோப்பில் பெயரை இரட்டை நெளிவு அடைப்புக்குள் வைத்தால் பிரியாது. இணையத்திலிருந்து தானாக இறக்கிய பதிவுகளில் இந்தப் பிழை மறுபடியும் மறுபடியும் வரும். ஒவ்வொரு முறை இறக்கிய பின்னும் பாருங்கள்.

அதைச் சரிசெய்த பிறகும் சட்டங்கள் விந்தையாக அச்சானால், மென்பொருளிலுள்ள சட்ட வகைப் பதிவின் கட்டங்கள் அமெரிக்கச் சட்டத் தொகுப்புக்காக அமைந்தவை என்பதே காரணம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறையான ஏபிஏ நடையின் ஏழாம் பதிப்பும் சட்டங்களுக்கு அமெரிக்கச் சட்டத்துறையின் மேற்கோள் முறையையே பின்பற்றச் சொல்கிறது. இந்தியச் சட்டம் அதில் அப்படியே பொருந்தாது. என் பரிந்துரை, சட்டங்களை மென்பொருளிடம் விடாமல் கையால் எழுதித் தனிப் பட்டியலாக வைப்பது: சட்டத்தின் பெயர், ஆண்டு, அடைப்புக்குள் எந்த மன்றத்தின் எத்தனையாவது சட்டம், பிரிவு. எடுத்துக்காட்டாக, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 (தமிழ்நாடு சட்டம் 21/1994), பிரிவு 3. இந்த வடிவத்தைக் கையாள்வதாக ஆய்வேட்டின் முன்குறிப்பில் ஒரு வாக்கியம் சேர்த்து, நெறியாளரின் ஒப்புதலைத் தொடக்கத்திலேயே பெற்றுவிடுங்கள். சமர்ப்பிக்கும் வாரத்தில் இதைப் பற்றி வாதிடுவது எவருக்கும் நல்லதன்று.

ஒரே துறையின் ஒரே ஆண்டு ஆவணங்கள் பல இருந்தால் 2019அ, 2019ஆ என்று பிரிக்க வேண்டும். ஆசிரியர் இடத்தில் வெறும் ‘தமிழ்நாடு அரசு’ என்று எழுதினால் எழுத்துகள் ஔ வரை போய்விடும். துறையின் பெயரையும் ஆசிரியர் இடத்தில் சேர்த்தால் அந்த நெருக்கடி குறையும்.

அறிகுறி: ஒரே புள்ளிவிவரத்துக்கு இரண்டு எண்கள் கிடைக்கின்றன

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தற்காலிக எண்ணா இறுதி எண்ணா என்பதை முதலில் பாருங்கள். 2011 இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை தற்காலிக வெளியீட்டில் 7,21,38,958. இறுதி வெளியீட்டில் 7,21,47,030. இரண்டும் ‘கணக்கெடுப்பு 2011’ என்ற பெயரிலேயே புழங்குகின்றன. மேற்கோளில் வெளியீட்டின் பெயரும் அட்டவணை எண்ணும் இருந்தால் இந்தக் கேள்வி எழாது. தாய்மொழி பற்றிய எண்ணானால் சி–16 அட்டவணை என்று குறிப்பது போல.

வரவு செலவுத் திட்டத்தில், அந்த ஆண்டு தேர்தல் ஆண்டா என்று பாருங்கள். 2021–2022க்குத் தமிழ்நாட்டில் பிப்ரவரி 2021 இல் இடைக்கால வரவு செலவுத் திட்டமும், ஆகத்து 13 அன்று திருத்திய வரவு செலவுத் திட்டமும் அளிக்கப்பட்டன. எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதாவிட்டால் தொகைகள் பொருந்தா. அதோடு, ஒரே தலைப்பின் கீழ் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு ஆகிய மூன்றும் வெவ்வேறு ஆண்டு நூல்களில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளுக்கு நிதியாண்டு, மானியக் கோரிக்கை எண், துறை மூன்றையும் தர வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் குறிப்பு 43 ஆம் மானியக் கோரிக்கையின் கீழ் வருகிறது.

அறிகுறி: எல்லோரும் சொல்லும் பெயரில் அறிக்கையே இல்லை

மண்டல் அறிக்கை, சச்சார் அறிக்கை என்ற பெயர்கள் அட்டையில் இரா. 31 திசம்பர் 1980 அன்று அளிக்கப்பட்ட மண்டலின் அறிக்கை பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஆணையத்தின் அறிக்கை. 1955 இல் அளிக்கப்பட்ட காகா கலேல்கரின் அறிக்கைக்கும் அதே பெயர். ஆகவே முறையான பெயரோடு தலைவரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதினால்தான் இரண்டும் பிரியும். சச்சார் குழுவின் நவம்பர் 2006 அறிக்கை, இந்திய முஸ்லிம் சமுதாயத்தின் சமூக, பொருளாதார, கல்வி நிலை பற்றிய பிரதமரின் உயர்மட்டக் குழுவினுடையது. உரையில் வழக்குப் பெயரையும் பட்டியலில் முறையான பெயரையும் தருவது தக்க வழி.

இலங்கைச் சட்டங்களிலும் இது நேர்கிறது. தனிச் சிங்களச் சட்டம் என்று எவரும் அறிந்தது 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம். அந்த முறையான பெயரின்றிச் சட்டத் தொகுப்பில் தேட இயலாது. அங்கே எண் என்பது இலக்கம், அரசிதழ் என்பது வர்த்தமானி. இலங்கை ஆவணத்தைச் சுட்டும்போது அந்நாட்டின் சொற்களையே கையாளுங்கள். அவற்றைத் தமிழ்நாட்டுச் சொற்களாக மாற்றினால் ஆவணத்தின் பெயரையே மாற்றியதாகும்.

அறிகுறி: தமிழ்ப் பாடமும் ஆங்கிலப் பாடமும் ஒத்துப்போகவில்லை

நீங்கள் படித்த தமிழ்ப் பாடம் யாருடையது என்பதே முதற்கேள்வி. ஒன்றியச் சட்டங்களின் தமிழாக்கம் குடியரசுத் தலைவரின் அதிகாரத்தால் அரசிதழில் வெளியாகியிருந்தால், 1973 ஆம் ஆண்டின் அதிகாரப்பூர்வப் பாடங்கள் (ஒன்றியச் சட்டங்கள்) சட்டப்படி அது அதிகாரப்பூர்வமானது. தனியார் மொழிபெயர்ப்புக்கு அந்தத் தகுதி இல்லை. அதைப் பயன்படுத்தினால் மொழிபெயர்ப்பாளரையும் பதிப்பையும் குறிப்பிடுங்கள். நீங்களே மொழிபெயர்த்திருந்தால் ‘மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது’ என்று எழுதி மூலப் பாடத்தைப் பின்னிணைப்பில் சேருங்கள். மாநிலச் சட்டங்களில் ஆங்கிலப் பாடத்தின் நிலையை அரசமைப்பின் 348 ஆம் உறுப்பு வரையறுக்கிறது. வேறுபாடு உங்கள் வாதத்தின் மையச் சொல்லில் இருந்தால், இரண்டு பாடங்களையும் எடுத்துக்கொண்டு சட்டம் அறிந்த ஒருவரிடம் செல்லுங்கள்.

அறிகுறி: இணைய இணைப்பு திறக்கவில்லை

அரசுத் தளங்களின் முகவரி அடிக்கடி மாறுகிறது. ஆவணத்தின் பெயரையும் எண்ணையும் கொண்டு அதே தளத்தில் மீண்டும் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய முகவரியை இட்டுப் பாருங்கள். அரசிதழ் விவரத்தைச் சேர்த்துவிட்டால் இணைப்பு இறந்தாலும் மேற்கோள் நிற்கும்: தமிழ்நாடு அரசிதழில் சட்டங்கள் 4 ஆம் பகுதியின் 2 ஆம் பிரிவிலும், சட்டமுன்வடிவுகள் அதே பகுதியின் 1 ஆம் பிரிவிலும் வருகின்றன; இந்திய அரசிதழில் சட்டங்களுக்கு 2 ஆம் பகுதியின் 1 ஆம் பிரிவு. சிறப்பிதழா வழக்கமான இதழா என்பதையும், இதழ் எண்ணையும், நாளையும் எழுதுங்கள். இனி இறக்கும் ஒவ்வொரு கோப்பையும் துறை, எண், நாள் கொண்ட பெயரில் உங்கள் கணினியிலும் வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.

அறிகுறி: மூல ஆவணம் எங்குமே கிடைக்கவில்லை

முதலில், உங்களுக்கு அந்தச் செய்தியைத் தந்த நூலையோ செய்தித்தாளையோ திரும்பப் படியுங்கள். அவர்கள் ஆவணத்தைப் பார்த்து எழுதினார்களா, அவர்களும் பிறரிடமிருந்து எடுத்தார்களா என்பது அடிக்குறிப்பில் தெரியும். மூவர், நால்வர் கை மாறி வந்த ஆணை எண்களில் ஓர் இலக்கமாவது புரண்டிருப்பது வழக்கம். 173, 137 ஆவதைப் போல. பக்கத்து எண்களையும் பக்கத்து ஆண்டுகளையும் ஒரு முறை தேடுங்கள்.

பிறகு பல்கலைக்கழக நூலகம், சட்டக் கல்லூரி நூலகம், கன்னிமாரா நூலகம் என்று செல்லுங்கள். பழைய அரசிதழ்க் கட்டுகளும் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளும் அங்கே கிடைக்க வாய்ப்பு மிகுதி. அரசின் விளக்கம் பேரவையில் படிக்கப்பட்டிருந்தால், ஆணை கிடைக்காவிட்டாலும் தொகுதி, நாள், பக்கம் கொண்ட அந்த உரையை மேற்கோள் காட்டலாம். ஆணையைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதிலும் கிடைக்கவில்லையானால், அண்மைக் கால ஆவணத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின் கீழ் அத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம்; 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும் என்பது சட்டம். கேள்வியைச் சுருக்கமாக, ஆணையின் பொருளையும் உத்தேச நாளையும் குறிப்பிட்டு, நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் கேட்டால் நகலும் வராமல் போகக்கூடும். மேல்முறையீட்டுக்கும் சேர்த்து மூன்று மாதமாவது கையில் இருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும். வந்த விடைக் கடிதத்தின் எண்ணையும் நாளையும் மேற்கோளில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அடுத்தவர் அந்த நகலைப் பெறுவதற்கான வழி அதுவே. பழைய ஆவணமானால் எழும்பூர்ப் பயணத்துக்கு நெறியாளரின் கடிதத்தோடு சில நாள்களை ஒதுக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மூலம் கைக்கு வராவிட்டால், படித்தது எதுவோ அதையே மேற்கோள் காட்டுங்கள்: இன்ன ஆண்டின் இன்ன அரசாணை, இன்னாரின் நூலில் இந்தப் பக்கத்தில் எடுத்துக்காட்டப்பட்டவாறு. தேர்வாளர் கேட்டால், எங்கெல்லாம் தேடினீர்கள் என்ற குறிப்பேட்டைக் காட்டுங்கள். அதனால் எந்த ஆய்வேடும் திருப்பி அனுப்பப்பட்டதை நான் பார்த்ததில்லை. பார்க்காத ஆணையைப் பார்த்ததாக எழுதியவை திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.